“நல்லாத்தான் கீறேன்” என்று சொல்லும் அம்மாவின் உடல்நல வரலாற்றை எழுதுவது எப்படி?

கேள்வி இதுதான். அம்மாவுக்கு 71 வயது. பிறந்தது கே.வி.குப்பம் பக்கத்தில் ஒரு கிராமம், வாழ்க்கைப்பட்டது குடியாத்தத்தில். நெடுநாள் பீடி சுற்றியவர். அப்பா பேரணாம்பட்டில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) வேலை பார்த்துக் காலமாகிவிட்டார். இப்போது அம்மா சென்னையில் மகளோடு இருக்கிறார். புதிதாகப் பார்க்கப் போன டாக்டர் “பழைய ஹிஸ்டரி எல்லாம் எழுதி எடுத்துட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். அம்மாவைக் கேட்டால், “எனக்கு இன்னாடி, நல்லாத்தான் கீறேன்” என்கிறார். மகளுக்குத் தெரிந்தது சர்க்கரை, பிரஷர், கால் மரத்துப் போவது, காது மந்தம், கர்ப்பப்பை எடுத்தது, சின்ன வயதில் “ஏதோ ஊசி நிறைய போட்டாங்க” என்ற ஒரு வரி, அவ்வளவுதான். எங்கிருந்து தொடங்குவது? எழுதியதை அண்ணன் தம்பிகளுக்கும் அனுப்பலாமா?

நான் வேலூரில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வெளிநோயாளிகளிடம் இந்த ஹிஸ்டரியைக் கேட்டு எழுதுவதுதான் வேலையின் பெரும்பகுதி. அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்கிறேன்: “உனக்கு என்னென்ன நோய் வந்தது?” என்று கேட்காதீர்கள். அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு, படுக்கையில் விழாத எதுவும் நோய் இல்லை. நோயின் பெயரும் அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. சீட்டு கணவர் கையிலோ மாமியார் கையிலோ இருந்திருக்கும். ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்கு யாரோடு போனார்கள், ஊசி எங்கே போட்டார்கள், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்பதெல்லாம் அச்சு மாறாமல் நினைவிருக்கும். அதைக் கேளுங்கள். நோய் தானாக வெளியே வரும்.

ஊசியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் உங்கள் கேள்வியில் மிக முக்கியமான தடயம் அதுதான். “எத்தனை நாளைக்கு ஒரு தடவை, உடம்பில் எந்த இடத்தில்?” என்று மட்டும் கேளுங்கள். தொப்புளைச் சுற்றி தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி என்றால் நாய் கடித்திருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் போன்ற இடங்களில் தயாரான பழைய வெறிநாய்க்கடித் தடுப்பூசி அப்படித்தான் போடப்பட்டது. இன்றைய கணக்கில் அதற்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை, ஒரு வரி எழுதினால் போதும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை இடுப்பில் வலிக்க வலிக்க ஒரு ஊசி, அதுவும் வருடக்கணக்கில் என்றால் அது பென்சிலின். சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமும் வந்து, வாதக் காய்ச்சல் இதய வால்வைத் தொட்டுவிடக்கூடாது என்பதற்காகப் போடுவது. அப்படியென்றால் இப்போது ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்க்க வேண்டும். சுருங்கிப்போன மைட்ரல் வால்வை விரித்துவிடும் ஆபரேஷன் வேலூர் சி.எம்.சி.யில் பல பத்தாண்டுகளாக நடந்தது. இடது மார்புக்குக் கீழே நீளத் தழும்போடு, அது எதற்கென்று தெரியாத பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

தினமும் ஊசி, இரண்டு மூன்று மாதம், கூடவே ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை என்றால் டிபி. உங்கள் அம்மா விஷயத்தில் எனக்கு இதில்தான் சந்தேகம். 1960களிலும் 70களிலும் டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிதான் முதல் ஆயுதம். அது உயிரைக் காப்பாற்றியது, ஆனால் உள்காதைக் கெடுக்கும். காது மந்தமாகும், அதைவிட அதிகமாக நடையில் நிதானம் போகும். இருட்டில் அல்லது கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவும்போது தள்ளாடுகிறாரா என்று பாருங்கள். 71 வயதில் காது மந்தமாவது சாதாரணம்தான், எல்லாவற்றையும் ஊசி மேல் போட முடியாது. ஆனால் “நாப்பது வயசுலயே எனக்குக் காது கேக்காது” என்று சொன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் இன்றும் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கப்படுகின்றன: ஜென்டாமைசின், அமிக்காசின். பழைய கதை தெரிந்தால் டாக்டர் யோசித்துக் கொடுப்பார். டிபி ஒரு முறை வந்து போனவர் என்பது, நாளைக்கு மூட்டுவாதத்துக்கோ வேறெதற்கோ நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து தொடங்கும்போதும் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம்.

அடுத்து கால் மரத்துப் போவது. சர்க்கரை இருக்கிறது, கால் மரக்கிறது, ஆகவே சர்க்கரையால்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வேலூரெல்லாம் சேர்ந்த பழைய வடாற்காடு, தொழுநோய் மிக அதிகமாக இருந்த மாவட்டம். வேலூர் பக்கத்தில் கரிகிரியில் 1955ல் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி மையமும் மருத்துவமனையும் வந்தது சும்மா இல்லை. அதற்கும் முன்பே, 1940களின் இறுதியில், டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கியிருந்தார். விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன என்று அவர் இங்கே பார்த்துச் சொன்னதுதான், இன்றைக்குச் சர்க்கரைக்காரர்களின் கால் பராமரிப்புக்கும் அடிப்படை.

உங்கள் அம்மா சிறுமியாக இருந்த காலத்தில் ஊர் ஊராக வந்து தோலைப் பார்த்து, தேமலைத் தொட்டுப் பார்த்துப் போவார்கள். அதனால் “பெருவியாதி வந்ததா?” என்று கேட்காதீர்கள், பதில் வராது, கோபம்தான் வரும். “தேமல் பார்க்க வருவாங்களே, உங்க வீட்டுக்கு வந்தாங்களா? மாத்திரை ஏதாவது கொடுத்தாங்களா?” என்று கேளுங்கள். வருடக்கணக்கில் ஒரே வெள்ளை மாத்திரை என்றால் அது தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன். 1980களில் கூட்டு மருந்து வந்த பிறகு சாப்பிட்டவர்களுக்கு வேறு அடையாளம் இருக்கும்: சிறுநீர் சிவப்பாகப் போனது ரிபாம்பிசினால், உடம்பு கருத்துப் போனது குளோபசிமினால். சர்க்கரையால் வரும் மரத்துப்போதல் இரண்டு காலிலும் விரல் நுனியில் தொடங்கிச் சமமாக மேலே ஏறும். தொழுநோய் விட்டுச் சென்றது ஒரு பக்கம் மட்டும், திட்டுத் திட்டாக இருக்கலாம், முழங்கை எலும்புக்குப் பின்னால் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கலாம். குணமான தொழுநோய் யாருக்கும் ஒட்டாது. ஆனால் இரண்டும் சேர்ந்த கால் என்றால் செருப்பிலிருந்து எல்லாவற்றிலும் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

சரி, பிரசவங்களுக்கு வருவோம். இதில் குடும்பங்கள் நிறைய விட்டுவிடுகின்றன. “எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டால் உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் வரும். “எத்தனை தடவை தலை முழுகாம இருந்தீங்க?” என்று கேட்டால்தான் கலைந்தது, வயிற்றிலேயே இறந்தது, பிறந்து மூன்றாம் நாள் போனது எல்லாம் வரும். அம்மா அழுதால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள், இன்னொரு நாள் கேட்கலாம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் கால் வீங்கியதா, பிரஷர் என்றார்களா, வலிப்பு வந்ததா என்று கேளுங்கள். கர்ப்பத்தில் பிரஷர் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம். நாலு கிலோ குழந்தை, “எல்லாரும் பாக்க வந்தாங்க, அவ்ளோ கொழுகொழு” என்று பெருமையாகச் சொன்னால், கர்ப்பகாலச் சர்க்கரை அப்போதே இருந்திருக்கலாம். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ரத்தம் ஏற்றினார்களா என்பதும் முக்கியம். அந்தக் கால ரத்தத்தில் இன்று செய்யும் மஞ்சள் காமாலை வைரஸ் பரிசோதனைகள் கிடையாது. ஏற்றியிருந்தால் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ஒரு முறை பரிசோதித்துவிடுவது நல்லது.

கர்ப்பப்பை எடுத்ததைப் பற்றி மூன்று கேள்வி. எந்த வயதில், எதற்காக, சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா? நாற்பதுக்கு முன்னால் சினைப்பையோடு எடுத்திருந்தால் எலும்புத் தேய்மானமும் இதயமும் வேறு கணக்கு. எதற்காக என்பதற்கு “உதிரப்போக்கு”, “கட்டி”, “புண்ணு” மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். “புண்ணு” என்றால் கொஞ்சம் நின்று தோண்டுங்கள், அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் தேவையே இல்லாமல் எடுத்த கர்ப்பப்பைகளும் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

எங்கே என்பதற்கு “பாகாயம்” என்று பதில் வந்தால் மேலும் ஒரு கேள்வி கேளுங்கள். வேலூர்க்காரர்களுக்குத் தெரியும், பாகாயத்தில் மருத்துவக் கல்லூரியும் கிராம மக்களுக்கான சமுதாய மருத்துவமனையும் இருக்கின்றன, மனநலப் பிரிவும் அங்கேதான். பிரசவத்துக்குப் போனாரா, பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் வராமல், பேச்சு மாறிப் போனாரா என்பது வேறு வேறு கதை. இரண்டாவது என்றால் அது “காத்து கருப்பு” என்று வீட்டில் பேசப்பட்டிருக்கும்.

வேலையைப் பற்றி எழுதாத ஹிஸ்டரி பாதி ஹிஸ்டரிதான். பீடி சுற்றுவது என்றால் முறத்தை மடியில் வைத்துக் குனிந்து நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, புகையிலைத் தூள் மூக்கிலும் கையிலும். எந்த வயதில் தொடங்கினார், எப்போது நிறுத்தினார்? பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் தேடி எடுங்கள், தேதி அதில் இருக்கும். இதிலிருந்து வருவது இரண்டு: ஒன்று இருமல், இழுப்பு. இன்னொன்று கழுத்து வலி, முதுகு வலி. அந்த முதுகு வலிக்கு மெடிக்கலில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் செட் மாத்திரையை எத்தனை வருடம் சாப்பிட்டார் என்பதுதான் நான் முக்கியமாகக் கேட்பது. அதில் வலி மாத்திரை கட்டாயம் இருக்கும், பல சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. லேகியம், பஸ்பம் சாப்பிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைக்க வேண்டாம்.

கல்யாணத்துக்கு முன்னால் நடவு, களை எடுப்பு என்று வெறுங்காலோடு வயலில் இறங்கியவரா என்றும் கேளுங்கள். மண்ணிலிருந்து கால் தோல் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு ஒன்று உண்டு. உடம்புக்குள்ளேயே தன் சுற்றை முடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். பிற்காலத்தில் ஆஸ்துமாவுக்கோ வேறெதற்கோ அதிக ஸ்டீராய்டு கொடுத்தால் திடீரெனப் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். சென்னையில் வளர்ந்த இளம் டாக்டருக்கு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒரு காலத்தில் நாற்று நட்டவர் என்று தோன்றாமல் போகலாம். ஒரு வரி எழுதினால் தோன்றும்.

அப்பாவின் டேனரி வேலை அம்மாவின் தாளில் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். அவருக்குக் கையில் ஆறாத சொறி, மூச்சு இழுப்பு இருந்திருந்தால் அது உங்கள் அப்பாவின் தாளில் எழுத வேண்டியது. அந்தத் தாளையும் ஒரு நாள் எழுதுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டும். ஒன்று மட்டும்: எங்கள் மாவட்டத்தில் எல்லா நோய்க்கும் டேனரித் தண்ணீரைக் காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பாலாற்றுக் கிணறுகள் கெட்டது உண்மை, 1996ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த விஷயம். ஆனாலும் ஒரு தனி மனிதரின் நோய்க்கு அதுதான் காரணம் என்று தாளில் எழுதாதீர்கள். எந்த ஊரில், எத்தனை வருடம், எந்தத் தண்ணீர் குடித்தார் என்று மட்டும் எழுதுங்கள். காரணத்தை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

வருடம் நினைவில்லை என்பார்கள். ஊர் நிகழ்ச்சிகளோடு கட்டிக் கேட்டால் வரும். “எம்.ஜி.ஆர் செத்தப்போ எனக்கு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தேன்” என்றால் 1987 டிசம்பர். மாவட்டம் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது 1989, ராஜீவ் காந்தி இறந்தது 1991 மே. ஊரே மூட்டு வலியோடு நொண்டிய சிக்குன்குனியா 2006. இந்தக் கடைசியைத் தனியாகவே கேளுங்கள், அன்றைக்கு வந்த மூட்டு வலி போகவே இல்லை என்பவர்கள் உண்டு.

சர்க்கரை தொடங்கிய வருடத்தை மட்டும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். மாத்திரை தொடங்கிய வருடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னாலேயே உடம்பு இளைத்தது, ராத்திரி பல முறை எழுந்தது, கால் புண் ஆறாமல் இருந்தது எப்போது என்று பின்னோக்கிப் போங்கள். கண்ணையும் சிறுநீரகத்தையும் பார்ப்பவர்களுக்கு அந்த வருடக் கணக்குதான் வேண்டும்.

இங்கே ஒரு கிளைக் கதை. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் வட்டாரத்திலும் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனே எடை, உயரம் எடுத்து, வளர வளரவும் அளந்து, இளைஞர்களான பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பிடித்துச் சர்க்கரை பார்த்தார்கள். சிறு வயதில் ஒல்லியாக இருந்து பிற்பாடு சதை போட்டவர்களுக்குத்தான் சர்க்கரைக் கோளாறு கூடுதலாகத் தெரிந்தது. உங்கள் அண்ணனோ அக்காவோ அந்த வருடங்களில் அம்மா வீட்டில் பிறந்திருந்தால், “ஆஸ்பத்திரிக்காரங்க வந்து எடை போட்டுட்டுப் போவாங்க” என்று அம்மாவுக்கு நினைவிருக்கலாம். கேட்டுப் பாருங்கள், இதில் மனம் விட்டுப் பேசத் தொடங்கிவிடுவார்.

சொல்ல மறந்ததை உடம்பு காட்டும். குளிக்க உதவும்போதோ எண்ணெய் தேய்க்கும்போதோ தழும்புகளைக் கவனியுங்கள். கையில் பெரிய வட்டத் தழும்பு பெரியம்மைத் தடுப்பூசி, அதற்கு மருத்துவ அர்த்தம் இப்போது இல்லை. தொப்புளுக்குக் கீழே சின்னக் கீறல் குடும்பக் கட்டுப்பாடு. வயிற்றில் அல்லது கையில் சூடு போட்ட தழும்பு என்றால், எப்போதோ மஞ்சள் காமாலைக்கோ வயிற்று வலிக்கோ வைத்தியம் நடந்திருக்கிறது. எதற்கென்று கேளுங்கள்.

குடும்ப வரலாற்றில் நோயின் பெயரைவிட வயது முக்கியம். “தாத்தா தூக்கத்துலயே போயிட்டார்” என்பது 82 வயதிலா 46 வயதிலா? அம்மாவின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஒவ்வொருவரும் எந்த வயதில், எதனால்? அம்மாவின் அப்பா அம்மா சொந்தத்தில் கட்டியவர்களா, அம்மாவே தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டினாரா என்பதையும் எழுதுங்கள். நம் பக்கத்தில் அது சாதாரணம் என்பதால் யாரும் சொல்ல மாட்டார்கள். பரம்பரை நோய் என்று ஏதாவது சந்தேகம் வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதுதான். இதற்கெல்லாம் அம்மாவைவிடச் சித்தியோ பெரியம்மாவோ நல்ல சாட்சி. சகோதரிகள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் திருத்துவார். நீங்கள் பேனாவோடு சும்மா இருந்தால் போதும்.

காகிதங்கள்: சி.எம்.சி.யில் எப்போதாவது காட்டியிருந்தால் பழைய ஆஸ்பத்திரி நம்பரைத் தேடுங்கள். அது கிடைத்தால் புது நம்பர் போடாமல் பழையதைக் காட்டிக் கேளுங்கள், பழைய பதிவுகளுக்கு வழி அதுதான். முதலமைச்சர் காப்பீட்டில் ஏதாவது சிகிச்சை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். ஊரில் இருந்தபோது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுத்திருந்தால், அந்த அட்டையில் பிரஷர், சர்க்கரை அளவுகள் மாதம் மாதமாக இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். மாத்திரைப் பட்டைகளைப் பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி போட்டோ எடுங்கள்.

டாக்டரிடம் கொடுப்பது ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். மேலே இன்று சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள் (எந்த மாத்திரைக்கு உடம்பு தடித்தது, முகம் வீங்கியது என்பது). அடுத்து ஆபரேஷன்கள். அதற்குக் கீழே காலவரிசை, இப்படி: “1968 வாக்கில், சுமார் 14 வயது: தினமும் ஊசி, சுமார் மூன்று மாதம், பிறகு ஒரு வருடம் மாத்திரை, டிபியாக இருக்கலாம், சீட்டு இல்லை. 1973: மூத்த பிள்ளை, வீட்டுப் பிரசவம். 1975: இரண்டாவது, வயிற்றிலேயே இறந்தது, கால் வீக்கம் இருந்தது.” உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்துக் காட்டுங்கள். “இருக்கலாம்” என்ற சொல்லுக்கு எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். நீண்ட கதையை வேறு நோட்டில் உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இதை அண்ணன் தம்பிகளுக்கும் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். சர்க்கரை, பிரஷர், இதயம், புற்றுநோய், சொந்தத்தில் கல்யாணம் ஆகியவை அவர்கள் பிள்ளைகளுக்கும் வேண்டியவை, அவற்றை மறைக்க அவசியமில்லை. தேமல் மாத்திரை, பாகாயம், கலைந்த கர்ப்பம் போன்றவை டாக்டருக்கும் உங்களுக்கும் போதும். மருமகள்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பக்கத்தைப் போட்டுவிட்டால், அடுத்த முறை நீங்கள் எது கேட்டாலும் “நல்லாத்தான் கீறேன்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.